வாய்க்கு முன்னால் தோல்

டெல் அவிவ் நகரில் ஒவ்வாமை மருத்துவர்கள் கூடியிருந்த ஓர் அரங்கு. லண்டனிலிருந்து வந்திருந்த கிடியன் லாக் அங்கே வேர்க்கடலை அலர்ஜியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பேச்சின் நடுவே கூட்டத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்: கடந்த ஓராண்டில் கடலை அலர்ஜியுள்ள குழந்தை ஒன்றையாவது பார்த்தவர்கள் கை தூக்குங்கள். ஏறக்குறைய இருநூறு பேர் உட்கார்ந்திருந்த இடத்தில் எழும்பிய கைகள் இரண்டோ மூன்றோதான். லண்டன் மருத்துவர்களிடம் இதைக் கேட்டிருந்தால் அரங்கமே கை தூக்கியிருக்கும். லாக் திகைத்துப் போனார்.

அந்தத் திகைப்பு ஓர் ஆய்வாக வளர்ந்து 2008-இல் வெளிவந்தது. பிரிட்டனில் வாழும் யூதக் குழந்தைகள் ஐயாயிரம் பேருக்கு மேல், இஸ்ரேலில் வாழும் யூதக் குழந்தைகள் ஐயாயிரம் பேருக்கு மேல். இரு தரப்பும் மூதாதையர் வழியில் நெருங்கியவர்கள். ஆனால் பிரிட்டனில் 1.85 விழுக்காடு குழந்தைகளுக்குக் கடலை ஒத்துக்கொள்ளவில்லை. இஸ்ரேலில் அந்த அளவு வெறும் 0.17 விழுக்காடு. பத்து மடங்கு இடைவெளி.

வீட்டில் என்ன கொடுக்கிறார்கள் என்று பார்த்தபோது ஒரு நொறுக்குத் தீனி கண்ணில் பட்டது. பெயர் பம்பா. கடலை விழுதைச் சோள மாவோடு சேர்த்துப் பொரியாகப் பொரித்தது போன்ற பண்டம்; வாயில் போட்டதும் கரைந்துவிடும். இஸ்ரேலில் பல் முளைக்காத குழந்தையின் கையிலும் அதைக் காணலாம். அங்கே 8 முதல் 14 மாதக் குழந்தை ஒன்று மாதத்துக்குச் சராசரியாக 7 கிராம் கடலைப் புரதம் சாப்பிட்டது. அதே வயதில் பிரிட்டன் குழந்தை சாப்பிட்டது சுழியம். சாப்பிட்டவர்களுக்கு அலர்ஜி இல்லை, கடலையின் வாசமே படாமல் பொத்திப் பொத்தி வளர்க்கப்பட்டவர்களுக்கு இருக்கிறது என்றால், அதுவரை மருத்துவ உலகம் பெற்றோருக்குச் சொல்லிவந்த அறிவுரை தலைகீழாக இருந்திருக்கலாம்.

உணவு ஒவ்வாமை என்றால் என்ன என்பதை உலகம் விளங்கிக்கொண்டதற்குப் பின்னே துணிச்சலான ஒரு சோதனை இருக்கிறது. 1921, ப்ரெஸ்லாவ் நகரம். ஹைன்ஸ் க்யுஸ்ட்னர் என்ற மருத்துவருக்குச் சமைத்த மீன் ஆகாது. ஒரு துண்டு உள்ளே போனால் உடம்பெல்லாம் தடித்துச் சிவந்துவிடும். அவருடைய சக ஆய்வாளர் கார்ல் ப்ராஸ்னிட்ஸ் மீனைத் தாராளமாகச் சாப்பிடுபவர். க்யுஸ்ட்னரின் இரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தைச் சிறிதளவு எடுத்து ப்ராஸ்னிட்ஸ் தன் தோலுக்குள் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தினார்கள். அந்த இடம் மட்டும் அரித்து, வீங்கி, கொசு கடித்ததுபோல் மேடானது. மற்றவர் உடம்பின் பகை, சில சொட்டுச் சீரத்தில் இவர் உடம்புக்குக் குடிவந்துவிட்டது. அந்தச் சீரத்தில் எதுவோ இருக்கிறது என்பது அன்று உறுதியானது. அந்த எதுவோ என்னவென்று கண்டுபிடிக்க இன்னும் நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. 1960-களின் நடுவில் அமெரிக்காவின் டென்வரில் இஷிசாகா தம்பதியும், ஸ்வீடனின் உப்சாலாவில் யோஹான்சனும் பென்னிக்கும் தனித்தனியே அதைப் பிடித்தார்கள். இன்று அதன் பெயர் இம்யூனோகுளோபுலின் ஈ, சுருக்கமாக ஐஜிஇ.

ஐஜிஇ என்பது ஒரு எதிர்ப்புப் புரதம். தோலிலும் குடலிலும் மூச்சுக்குழாயிலும் காவல் நிற்கும் மாஸ்ட் செல்களின் மேல் அது கொக்கிபோல் மாட்டிக்கொண்டிருக்கும். கடலைப் புரதம் வந்து அந்தக் கொக்கியில் சிக்கினால் மாஸ்ட் செல் தன் மூட்டையை அவிழ்த்துக் கொட்டும்; உள்ளே இருக்கும் ஹிஸ்டமினும் மற்ற இரசாயனங்களும் வெள்ளமாகப் பாயும். உதடு வீங்கும், தோலில் காணாக்கடி போலத் திட்டுத் திட்டாகத் தடிக்கும், வாந்தி வரும். மோசமான நிலையில் குரல்வளை அடைத்து, இரத்த அழுத்தம் சரிந்து, சில நிமிடங்களில் உயிருக்கே ஆபத்தாகிவிடும். அந்நேரத்தில் முதலில் போட வேண்டிய மருந்து எபிநெஃப்ரின் என்கிற அட்ரினலின் ஊசி. அலர்ஜி மாத்திரையை விழுங்கிவிட்டுக் காத்திருப்பது காலத்தை வீணடிப்பது.

ஒரே தெருவில் வளரும் இரண்டு குழந்தைகளில் ஒன்றுக்கு மட்டும் இந்தக் கொக்கி ஏன் உருவாகிறது? முதல் சந்தேகம் மரபணு மேல்தான் விழும். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஸ்காட் சிஷரர் குழு கடலை அலர்ஜி உள்ள 58 இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்தது. ஒரே கருவிலிருந்து பிரிந்த, அச்சில் வார்த்தது போன்ற இரட்டையரில் ஒருவருக்கு அலர்ஜி இருந்தால் மற்றவருக்கும் இருக்கும் வாய்ப்பு 64 விழுக்காடு. தனித்தனிக் கருவிலிருந்து பிறந்த, சாதாரண அண்ணன் தம்பிபோல் மரபணுவைப் பகிர்ந்துகொள்ளும் இரட்டையரில் அது 7 விழுக்காடு மட்டுமே. பரம்பரைக்குப் பெரும் பங்கு உண்டு என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று கிடைப்பது அரிது.

ஆனால் அந்த 64-ஐ இன்னொரு முறை பார்க்க வேண்டும். மரபணு முழுக்க ஒன்றாகவே இருந்தும் மூன்றில் ஒரு ஜோடியில் ஒருவர் கடலை மிட்டாயைக் கடிக்கிறார், மற்றவர் அதைத் தொடவே அஞ்சுகிறார். மேலும், அமெரிக்கக் குழந்தைகளிடம் கடலை அலர்ஜி 1997-இல் 0.4 விழுக்காடாக இருந்து 2008-இல் 1.4 விழுக்காடானது என்று தொலைபேசிக் கணக்கெடுப்புகள் காட்டின. பதினோரு ஆண்டுகளில் ஒரு நாட்டின் மரபணு மாறிவிடாது. மாறியது வேறு ஏதோ.

அந்த வேறு ஏதோவைத் தேடிப் போனவர்களுக்கு விடை தொடங்கிய இடம், யாரும் எதிர்பாராத விதமாக, குடல் இல்லை; தோல்.

தோலின் மேலடுக்கைக் கீற்று வேய்ந்த கூரையாக எண்ணிப் பார்க்கலாம். தட்டையாகிக் காய்ந்த செல்கள் கீற்றுகள். அவற்றுக்குள் கெரட்டின் இழைகள் ஓடுகின்றன. அந்த இழைகளைச் சேர்த்து இறுக்கும் கயிறுதான் ஃபிலாக்ரின் என்ற புரதம். கட்டி முடித்த பின்னும் அதன் வேலை ஓய்வதில்லை. அது சிதைந்து சிறு மூலக்கூறுகளாகி, தோலில் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. கயிறு தரமாக இருந்தால் மழையும் உள்ளே வராது, ஈரமும் வெளியே போகாது. கயிறு இற்றுப்போனால் கூரை பிரியும்.

2006-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் இர்வின் மக்லீன் குழு இந்தக் கயிற்றை நூற்கும் மரபணுவைப் படித்து முடித்தது. ஒரே வரியைப் பத்துப் பன்னிரண்டு முறை திரும்பத் திரும்ப எழுதியது போன்ற மரபணு அது. அதனாலேயே பலரால் அதைப் பிழையின்றி வாசிக்க முடியாமல் இருந்தது. ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறக்குறைய 9 விழுக்காட்டினர் அந்த மரபணுவில் பழுதான பிரதி ஒன்றையாவது சுமக்கிறார்கள் என்று தெரியவந்தது. அந்தப் பழுது, கரப்பான் என்று வீட்டில் சொல்லும் எக்சிமாவுக்கு மிக வலுவான காரணம் என்பதும் அத்தோடு தெரிந்தது. பழுதைச் சுமப்பவர்கள் பலரின் உள்ளங்கையைப் பார்த்தாலே ஒரு குறிப்பு கிடைக்கும்: வழக்கமான மூன்று நான்கு ரேகைகளுக்கு இடையே மெல்லிய கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக, வறண்ட குளத்தின் வெடிப்புபோல் நெருங்கிக் கிடக்கும்.

2011-இல் அடுத்த கண்ணி கோக்கப்பட்டது. ஃபிலாக்ரின் பழுது உள்ளவர்களுக்குக் கடலை அலர்ஜி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஐந்து மடங்குக்கும் மேல். தோலின் கயிற்றுக்கும் வயிற்றுக்குப் போகும் கடலைக்கும் என்ன உறவு என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் கதை திரும்புகிறது.

ஃபிலாக்ரின் ஒன்றுமட்டுமே காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. புரதத் துண்டுகளை நோய் எதிர்ப்புச் செல்களுக்குத் தூக்கிக் காட்டும் எச்எல்ஏ மரபணுக்களின் சில வகைகள் கடலை அலர்ஜியோடு ஒட்டிக்கொண்டிருப்பதை 2015-இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. தோலிலும் உணவுக்குழாயின் உட்சுவரிலும் செயல்படும் செர்பின்-பி மரபணுக் கூட்டத்தை 2017-இல் ஜெர்மானியர்கள் சுட்டினார்கள். அரிதாக, ஒற்றை மரபணு உடைந்தாலே போதும். ஃபாக்ஸ்பி-3 என்ற மரபணு கெட்டுப் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்கு எதிர்ப்பு மண்டலத்தை அடக்கி ஆளும் செல்கள் இருக்காது. கடுமையான கரப்பானும் உணவு ஒவ்வாமையும் பிறந்த சில மாதங்களிலேயே தாக்கும். ஆனால் பெரும்பாலான குழந்தைகளின் கதை சிறு சிறு சாய்வுகளின் கூட்டல். அப்பா அம்மாவுக்கு ஆஸ்துமாவோ கரப்பானோ இருந்தால் சாய்வு கூடும். அவர்களுக்கு எந்த உணவு ஆகாதோ அதுவேதான் குழந்தைக்கும் ஆகாமல் போகும் என்று கட்டாயம் இல்லை. எதையாவது பகையாக எடுத்துக்கொள்ளும் சுபாவமே பெரும்பாலும் வழிவழியாக வருகிறது.

இனி தோலுக்கு வரலாம். இங்கிலாந்தின் ஏவன் பகுதியில் கருவிலிருந்தே பின்தொடரப்பட்ட ஏறக்குறைய 14,000 குழந்தைகளின் பதிவுகளை லாக் குழு ஆராய்ந்து 2003-இல் எழுதியது. தாய் கர்ப்பகாலத்தில் கடலை சாப்பிட்டதற்கும் குழந்தையின் அலர்ஜிக்கும் தொடர்பு தென்படவில்லை. தொடர்பு தென்பட்ட இடம் வேறு. அலர்ஜி வந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்கு, பிறந்த முதல் ஆறு மாதத்தில், கரப்பானுக்கும் இடுக்குப் புண்ணுக்கும் கடலை எண்ணெய் கலந்த களிம்பு பூசப்பட்டிருந்தது. வாய் வழியாக ஒரு பருப்பைக்கூடச் சுவைத்திராத குழந்தை கடலையை முதன்முதலில் அறிந்தது வெடித்த தோல் வழியாக.

பத்தாண்டு கழித்து அதே கருத்தை வீட்டுத் தூசி உறுதிசெய்தது. கடலை சாப்பிடும் வீடுகளில் சோபாவிலும் படுக்கையிலும் தரையிலும் கடலைப் புரதம் படிந்திருக்கும். தூசியில் அந்தப் புரதம் கூடக்கூடக் குழந்தைக்கு அலர்ஜி வாய்ப்பும் கூடியது. ஆனால் ஃபிலாக்ரின் பழுது இருந்த குழந்தைகளுக்கு மட்டும். கயிறு சரியாக இருந்தவர்களுக்கு எத்தனை தூசி இருந்தும் பெரிய மாற்றமில்லை. மரபணுவும் சூழலும் கைகோத்து நடப்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் ஆய்வுகள் குறைவு.

பிரிந்த கூரை வழியே நுழையும் புரதத்தை உடல் எப்படிப் படிக்கிறது? தோல் செல்கள் சிதையும்போது ஆபத்து என்று ஊளையிடும் சைகைப் புரதங்களை விடுகின்றன. அந்தக் கூச்சலுக்கு நடுவில் வந்து நிற்கும் எதுவும் திருடனாகத்தான் தெரியும். ஐஜிஇ உற்பத்தி தொடங்கிவிடும். குடலின் பழக்கம் நேர் எதிர். நாள்தோறும் வெளிப்பொருள்களை உள்ளே எடுத்தாக வேண்டிய உறுப்பு அது. வருவதையெல்லாம் பகைத்தால் உயிர் வாழ முடியாது. அமைதியான குடலில் ஒரு புரதம் வந்து சேர்ந்தால் அடக்கும் செல்கள் பிறந்து, இது நம் ஆள், விட்டுவிடு என்று உடம்பு முழுக்கச் சொல்லி வைக்கின்றன. 1911-இலேயே சிகாகோவின் ஹாரி கிடியன் வெல்ஸ் இதைக் கினிப்பன்றிகளிடம் பார்த்துவிட்டார். முட்டைப் புரதத்தை முன்பே தின்று பழகிய விலங்குகளுக்குப் பிறகு அதே புரதத்தை ஊசியில் ஏற்றினால் ஒவ்வாமை அதிர்ச்சி வரவில்லை. விடை நூறு ஆண்டுகளாகக் கண்ணெதிரே இருந்தது.

ஆக, போட்டி இரண்டு வாசல்களுக்கு இடையே. உணவு முதலில் தோல் வழியே வந்தால் பகை. வாய் வழியே வந்தால் உறவு. எந்த வாசல் முந்துகிறது என்பது பெரும்பாலும் முதல் ஓராண்டுக்குள் முடிவாகிவிடுகிறது. மரபணு செய்வது, தோல் வாசலைக் கொஞ்சம் அதிகமாகத் திறந்து வைப்பது.

இந்தப் பின்னணியில் பழைய அறிவுரையைப் படித்தால் நெஞ்சு கனக்கும். 1998-இல் பிரிட்டன் அரசின் ஆலோசனைக் குழு, அலர்ஜிப் பரம்பரை உள்ள குடும்பங்களில் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் கடலையைத் தவிர்க்கலாம், குழந்தைக்கு மூன்று வயதுவரை கொடுக்க வேண்டாம் என்றது. 2000-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் அதே வழியில், ஆபத்து அதிகமுள்ள குழந்தைகளுக்குப் பாலை ஒரு வயதுவரை, முட்டையை இரண்டு வயதுவரை, கடலையையும் மீனையும் மூன்று வயதுவரை தள்ளிப்போடச் சொன்னது. நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். சான்று மட்டும் போதாமல் இருந்தது. தாய்மார் சொன்னதைக் கேட்டார்கள். தங்களுக்குப் பிடித்ததைக்கூட ஒதுக்கிவைத்தார்கள். வாய் வாசலை மூடி வைத்திருந்த அந்த மூன்று ஆண்டுகளில் தோல் வாசல் திறந்தே கிடந்தது. பிறகு குழந்தைக்கு அலர்ஜி வந்தபோது, எப்போதோ தவறிச் சாப்பிட்ட ஒரு கைப்பிடிக் கடலையை நினைத்து எத்தனை பெண்கள் தங்களையே குற்றம் சாட்டிக்கொண்டிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தப் பழி அவர்களுக்கு உரியது அல்ல. அமெரிக்கச் சங்கம் 2008-இல் அந்த அறிவுரையைக் கைவிட்டது. அப்போதும் எதைத் தவிர்க்க வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். எதைக் கொடுக்க வேண்டும் என்று சொல்ல ஆதாரம் இன்னும் இல்லை.

ஆதாரம் லண்டனில் தயாராகிக்கொண்டிருந்தது. லீப் என்று பெயரிட்ட சோதனையில் 4 முதல் 11 மாதம் வரையான 640 குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள். எல்லோருக்கும் கடுமையான கரப்பான் அல்லது முட்டை அலர்ஜி, அல்லது இரண்டும். சேர்க்கும் முன் ஊசிமுனைச் சோதனை: பிஞ்சு முதுகிலோ முன்கையிலோ கடலைச் சாறு ஒரு சொட்டு விட்டு, அதன் ஊடாகத் தோலை மெல்லக் கீறிவிட்டு, கால் மணி நேரம் காத்திருப்பார்கள். தடிப்பு எழும்பினால் அதன் குறுக்களவை அளப்பார்கள். 4 மில்லிமீட்டருக்கு மேல் போனவர்கள் சேர்க்கப்படவில்லை. சேர்ந்த 640 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி ஐந்து வயதுவரை கடலையைத் தொடக் கூடாது. மறு பாதி வாரத்துக்கு 6 கிராம் கடலைப் புரதம், மூன்று வேளைக்குக் குறையாமல் பங்கிட்டுச் சாப்பிட வேண்டும். பம்பா, பிடிக்காதவர்களுக்குக் கடலை வெண்ணெய்.

2015 பிப்ரவரியில் முடிவு வெளியானது. தவிர்த்தவர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு ஐந்து வயதில் கடலை அலர்ஜி. சாப்பிட்டவர்களில் 3.2. சேரும்போதே தோலில் லேசான தடிப்பு காட்டிய குழந்தைகளிடம்கூட 35-க்கு 10.6 என்று இறங்கியிருந்தது. அதற்குப் பிறகு ஓராண்டு கடலையை நிறுத்திப் பார்த்தார்கள், காப்பு குலையவில்லை. அதே பிள்ளைகள் பன்னிரண்டு பதின்மூன்று வயதை எட்டியபோது, அதற்குள் பலர் தங்கள் இஷ்டப்படி சாப்பிட்டும் சாப்பிடாமலும் இருந்த நிலையில், மீண்டும் சோதித்த முடிவு 2024-இல் வந்தது: 15.4-க்கு 4.4. ஓர் உணவை முதல் சில ஆண்டுகள் கொடுத்ததன் பலன் பள்ளிப் பருவம் முழுக்க நிலைத்திருக்கிறது. குழந்தை மருத்துவத்தில் இத்தனை மலிவான ஒரு மருந்துக்கு இத்தனை பெரிய பலன் கிடைத்த தருணங்கள் மிகச் சில.

அமெரிக்கா 2017-இல் தன் வழிகாட்டலை மாற்றியது. மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளின் மருத்துவப் பதிவுகளை அலசி 2025-இல் வெளியான ஆய்வொன்று, கடலை அலர்ஜி என்று குறிக்கப்படுவது பழைய நிலையைவிட 40 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருப்பதைக் காட்டியது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் இறக்கம் அவ்வளவு பெரிதாக இல்லை. ஒரு வயதுக்குள் கடலை கொடுக்கும் வழக்கம் அங்கே வெகுவாகப் பரவிய பின்னும் அலர்ஜி 3.1-லிருந்து 2.6 விழுக்காட்டுக்குத்தான் வந்தது. சீக்கிரம் கொடுப்பது பெரிய கருவிதான். ஆனால் பூட்டு அந்த ஒரு சாவிக்கு மட்டும் திறக்காது.

மெல்பர்ன் இத்துறையின் உரைகல். கேட்டி ஆலன் தொடங்கிய ஹெல்த்நட்ஸ் ஆய்வு ஒரு வயதுக் குழந்தைகள் ஐயாயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பரிசோதித்தது. பெற்றோர் சொல்வதை மட்டும் எழுதிக்கொள்ளாமல், மருத்துவர் கண்ணெதிரே உணவைக் கொடுத்துப் பார்த்தே முடிவு செய்தது. பத்தில் ஒரு குழந்தைக்கு மேல் ஏதோவொரு உணவு ஆகவில்லை; உலகில் எங்கும் காணாத அளவு. கரப்பான் உள்ள குழந்தைக்குக் கடலை அலர்ஜி வாய்ப்பு, அது இல்லாத குழந்தையைவிடப் பதினோரு மடங்கு. வீட்டில் அண்ணன் அக்கா இருந்தால், நாய் இருந்தால், முட்டை அலர்ஜி குறைவு. கூட்டமும் அழுக்கும் உள்ள வீட்டின் கிருமிகள் குழந்தையின் குடலுக்குப் பாடம் எடுக்கின்றன என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம். சிசேரியன் மேல் பலருக்குச் சந்தேகம் இருந்தது. இந்தக் குழந்தைகளிடம் அதற்குத் தொடர்பு காணப்படவில்லை. அறுவைச் சிகிச்சையில் பெற்ற தாய் இதற்காகவும் மனம் நோக வேண்டியதில்லை.

இன்னொரு கண்டுபிடிப்பு நம் கவனத்துக்கு உரியது. பெற்றோர் இருவருமே கிழக்காசியாவில் பிறந்து, குழந்தை ஆஸ்திரேலியாவில் பிறந்திருந்தால், அந்தக் குழந்தைக்குக் கடலை அலர்ஜி வாய்ப்பு மூன்று மடங்குக்கு மேல். அப்படியானால் ஆசிய மரபணுவில் குறை என்று சொல்லிவிடலாமா? முடியாது. விக்டோரியா மாநிலத்தில் பள்ளியில் சேர்ந்த ஐந்து வயதுப் பிள்ளைகள் ஏறக்குறைய 57,000 பேரின் விவரத்தைப் பார்த்தபோது, ஆசியாவில் பிறந்து பிறகு குடியேறிய பிள்ளைகளுக்கு இந்த அலர்ஜி குறைவாகவே இருந்தது. பாட்டன் பூட்டன் ஒன்று, சமையலும் ஏறக்குறைய ஒன்று. பிறந்து தவழ்ந்த மண் மட்டும் வேறு. வெயிலா, காற்றின் ஈரமா, கிருமியா, குளிப்பாட்டும் வழக்கமா என்ற தேடல் இன்னும் நடக்கிறது. சிட்னியிலும் டொரோண்டோவிலும் பிள்ளை பெறும் தமிழ்க் குடும்பங்கள், நம் பரம்பரையில் இதெல்லாம் கிடையாது என்ற நம்பிக்கையில் அசட்டையாக இருந்துவிட முடியாது.

ஜப்பானின் கவலை கடலையைவிட முட்டை மேல். அங்கே கரப்பான் உள்ள குழந்தைகளுக்கு ஆறாம் மாதத்திலிருந்து வேகவைத்து உலர்த்திய முட்டைப் பொடியை மிகச் சிறிய அளவில் கொடுத்தார்கள். கரப்பானுக்கும் ஒழுங்காக மருந்து போட்டார்கள். ஒரு வயதில் முட்டை அலர்ஜி 8 விழுக்காடு; கொடுக்காதவர்களிடம் 38. வித்தியாசம் இவ்வளவு பெரிதாகத் தெரிந்ததும் சோதனையை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். 2017-இல் வெளியான அந்த முடிவு இன்னொரு கேள்விக்கு வழிவிட்டது. தோல்தான் வாசல் என்றால், வாசலையே அடைத்துவிட்டால்? 650 கைக்குழந்தைகளைச் சேர்த்து, ஏறக்குறைய பாதிப் பேரிடம் கரப்பானை ஸ்டீராய்டு களிம்பால் முனைப்பாக அடக்கிப் பார்த்தார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களிடம் 60.7 விழுக்காடாக இருந்த முட்டை அலர்ஜி இவர்களிடம் 41.9 விழுக்காடாகக் குறைந்திருந்தது. கூடவே இந்தக் குழந்தைகளின் எடையும் உயரமும் சற்றுப் பின்தங்கின. ஆகவே இதை மருந்துக்கடையில் களிம்பு வாங்கி வீட்டிலேயே செய்துபார்க்கும் வைத்தியமாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

கரப்பான் வருமுன்பே ஈரக் களிம்பு பூசித் தடுக்கலாமே என்று பிரிட்டனில் 1,394 பச்சைக் குழந்தைகளைச் சேர்த்து, ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஓராண்டு தினமும் பூசினார்கள். 2020-இல் வந்த முடிவு ஏமாற்றம்: இரண்டு வயதில், பூசியவர்களில் 23 விழுக்காட்டினருக்குக் கரப்பான், பூசாதவர்களில் 25. கூரைக்கு மேல் பூசும் பூச்சு, உள்ளே இற்ற கயிற்றுக்கு ஈடாகவில்லை.

இந்தியாவின் நிலை என்ன? பெங்களூர், மைசூர் வட்டாரப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்த பன்னாட்டு ஆய்வில், உணவு ஒவ்வாமை இருக்கக்கூடும் என்று முடிவானவர்கள் 0.14 விழுக்காடு. அதே ஆய்வில் ஹாங்காங் பிள்ளைகளுக்கு 1.5. அதே கர்நாடக வட்டாரத்தில் பெரியவர்களைச் சோதித்தபோது ஒரு வேடிக்கை வெளிப்பட்டது: நால்வரில் ஒருவருக்கு மேல், 26.5 விழுக்காட்டினருக்கு, ஏதோவோர் உணவுக்கு எதிரான ஐஜிஇ இரத்தத்தில் இருந்தது. உண்மையில் அலர்ஜி இருந்திருக்கக்கூடியவர்கள் 1.2 விழுக்காடு மட்டுமே. கொக்கி இருப்பதும் நோய் இருப்பதும் ஒன்றல்ல. குழந்தைக்கு இலேசாகச் சொறி வந்ததும் ஆய்வுக்கூடத்தில் அறுபது எழுபது உணவுகளுக்கு இரத்தப் பரிசோதனை செய்து, தாளில் சிவப்பாகக் காட்டியதையெல்லாம் தட்டிலிருந்து எடுத்துவிடும் வழக்கம் நகரங்களில் பரவுகிறது. பால், முட்டை, கோதுமை, கடலை என்று ஒவ்வொன்றாகப் போன பின் வளரும் பிள்ளை எதைச் சாப்பிடும்? அந்தத் தாள் குழந்தையை இளைக்க வைக்கும். சாப்பிட்டுத் தொந்தரவு இல்லாத உணவை வாயிலிருந்து பிடுங்குவதற்குப் பரிசோதனைத் தாள் காரணமாகிவிடக் கூடாது.

வட மாவட்டங்களில் மல்லாட்டை, மற்ற இடங்களில் நிலக்கடலை, வேர்க்கடலை, ஈழத்தில் கச்சான் என்று பல பெயரில் புழங்கும் பண்டம் நம் வீடுகளில் அதிகம் அவித்தும், வறுத்து அரைத்தும் சேர்கிறது. அவித்த கடலையைவிட உலர வறுத்த கடலையின் புரதம் ஐஜிஇயில் வலுவாகச் சிக்கும் என்பது சோதனைக்கூடத்தில் தெரிந்த செய்தி. ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அதற்குப் பிறகு இணை உணவு தொடங்கும்போது கடலையும் முட்டையும் ஒதுக்கிவைக்கப்பட வேண்டியவை அல்ல. மையாக அரைத்துக் கஞ்சியிலோ மசித்த வாழைப்பழத்திலோ கால் தேக்கரண்டியில் தொடங்கி, வாரம் சில முறை விடாமல் தரலாம். முழுப் பருப்பையும் உடைத்த பருப்பையும் ஐந்து வயதுவரை கையில் கொடுக்கக் கூடாது. அது மூச்சுக்குழாயில் சிக்கிக் கொல்லும். கடுமையான கரப்பான் உள்ள குழந்தை, முட்டை சாப்பிட்டு ஏற்கெனவே தடித்த குழந்தை என்றால் முதல் வாயை மருத்துவரைக் கேட்டே ஊட்ட வேண்டும்.

இன்னும் ஒரு சின்ன விஷயம், யாரும் பெரிதாகப் பேசாதது. இங்கிலாந்தில் 1,300 தாய்ப்பால் குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஈட் ஆய்வின் தகவல்களை 2021-இல் மீண்டும் அலசியபோது, மூன்று மாத வயதில் எத்தனைக்கெத்தனை அடிக்கடி களிம்போ எண்ணெயோ தேய்க்கப்பட்டதோ அத்தனைக்கத்தனை உணவு ஒவ்வாமை கூடியிருந்தது. கரப்பான் இல்லாத குழந்தைகளிடமும் அப்படித்தான். ஆய்வாளர்கள் சந்தேகித்தது களிம்பை அல்ல, அதைத் தேய்த்த விரல்களை. கடலை சாப்பிட்ட கையில் மூன்று மணி நேரம் கழித்தும் அதன் புரதம் ஒட்டியிருப்பதை வேறொரு ஆய்வு முன்பே அளந்து காட்டியிருந்தது. அடுப்படியில் சட்னிக்குக் கடலை அரைத்த கை, தொட்டிலில் அழுகுரல் கேட்டதும் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு ஓடுகிறது. சிவந்து செதிலுதிரும் அந்தப் பிஞ்சுக் கன்னத்தில் களிம்பை எடுத்துத் தடவுகிறது. ஓடும் வழியில் சோப்பும் தண்ணீரும் இருக்கின்றன.